தண்ணிக்கணக்கின் நிரந்தர முகவரி

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். பிறகு வயிறு கலக்கும். மூளைக்குச் செய்தி போவது மூன்றாவதாகத்தான். அது போய்ச் சேரும் நேரத்தில் நான் அநேகமாகக் கழிப்பறைக்குள் இருப்பேன். ஐம்பது வயது தாண்டியும் இந்த ஒழுங்கு மாறவில்லை. வெளியே வந்ததும் எல்லாரும் சிரிக்க ஒரு பகிடி விடுவேன். அதனால் ஊரில் எனக்குப் பகிடிக்காரன் என்று பேர். பயந்தாங்கொள்ளி என்று பேர் எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கிளிநொச்சியில் ஒரு பல்கலைக்கழகப் பீடத்தில், கணினிப் பகுதியில் எனக்கு வேலை. யாராவது வந்து கொம்பியூட்டர் வேலை செய்யவில்லை என்றால், நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன். சரிவந்தால் நான் கெட்டிக்காரன். சரிவராவிட்டால் கொம்பியூட்டர் பழசு. இந்தத் தொழில் இரகசியத்தை வைத்தே இத்தனை வருஷம் சம்பளம் எடுத்துவிட்டேன்.

என் நண்பன் அங்கே விரிவுரையாளன். குளம், வாய்க்கால், நீர்ப்பாசனம் படிப்பித்தவன். அவனுடைய அறையின் கூரை மழைக்கு ஒழுகத் தொடங்கியதும், ஒரு மேசையையும் கதிரையையும் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். "தண்ணியைப் பற்றிப் படிப்பிக்கிறவனுக்குத் தண்ணி வீடு தேடி வருதடா" என்றேன். "கூரை திருத்துமட்டும்தான் இருப்பன்" என்றான். கூரையைத் திருத்திய பிறகும் போகவில்லை. நான் கொறிக்கிற கச்சான் கடலைப் பக்கற்றில் பாதி அவனுக்கு என்று ஆகிவிட்டது.

அடக்கம் ஒடுக்கம் என்பது அவனிடம் மருந்துக்கும் கிடையாது. ஒரு சின்ன வேலையைச் செய்துவிட்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டுவான். அவன் செய்த பெரிய வேலையோ ஒரு மென்பொருள். எங்கள் பக்கத்தில் மழையை நம்பிய காலபோகம் முடிந்து, குளத்துத் தண்ணியை நம்பிய சிறுபோகம் தொடங்குமுன், வயல் செய்கிற கமக்காரர் கூட்டம் நடக்கும். குளத்தில் இருக்கிற தண்ணிக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாளுக்கு ஒருதரம் குளத்தின் மதகான துருசைத் திறக்கலாம் என்று அங்கே தீர்மானிப்பார்கள். தீர்மானிப்பார்கள் என்பது மரியாதைக்கு. உண்மையில் சண்டை பிடிப்பார்கள். அவன் எழுதிய மென்பொருளுக்குக் குளத்தின் மட்டத்தையும் வெயிலையும் மண்ணின் தன்மையையும் கொடுத்தால், தண்ணி எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லும். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று வைத்திருந்தான். நாங்கள் தண்ணிக்கணக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று பீடத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகப் போட்டு வைத்தான். வெளிநாட்டில் வறண்ட பிரதேசங்களில்கூடச் சிலர் அதை எடுத்துப் பாவித்தார்கள்.

பாவித்தவர்கள் ஒருவரும் அவன் பேரைச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

"பார் மச்சான், இவன் எழுதியிருக்கிறான், 'ஒரு கணினி நிரல் பயன்படுத்தப்பட்டது' எண்டு. ஒரு கணினி நிரலாம்! அது என்ன மழையில முளைச்சதோ?" என்று ஒருநாள் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து என் மூக்கில் முட்டினான்.

"கீழ ஒரு லிங்க் குடுத்திருக்கிறாங்களே."

"அமத்திப் பார்."

அமத்தினேன். பக்கம் இல்லை என்று வந்தது. பீடத்தின் இணையத்தளத்தைப் புதுப்பித்தபோது பழைய பக்கங்களின் முகவரிகள் எல்லாம் மாறிப் போயிருந்தன. புதுப்பித்த ஆள் யார் என்று இங்கே ஆராயத் தேவையில்லை. என் காது கொஞ்சம் சூடானது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நோய் பிடித்த பிறகுதான் இந்த விஷயம் பகிடியாக இல்லாமல் போனது. இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தத்தை வெளியே எடுத்து மெஷினுக்குள் விட்டுக் கழுவித் திரும்ப ஏற்ற வேண்டும். தண்ணியும் அளந்துதான் குடிக்கலாம். ஊர்க் குளங்களுக்கெல்லாம் தண்ணி பங்கிட்டவனுக்கு, ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் என்று டொக்டர் பங்கு வைத்துக் கொடுத்தார். போத்தலில் பேனையால் கோடு போட்டு, விடியக் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று குடிப்பான்.

"எனக்கு இனிக் காலபோகம் இல்லை மச்சான், சிறுபோகம்தான்" என்றான்.

நான் சிரித்தேன். அவன் விடுகிற பகிடிக்கு நான் சிரிப்பது அதற்கு முன் நடந்ததில்லை. இரண்டு பேருக்கும் அது ஒருமாதிரியாக இருந்தது.

அந்த நாட்களில்தான் அவனுடைய பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டில் இருந்து தொலைபேசி எடுத்தாள். நெடுங்கேணிப் பிள்ளை. குளிர் நாடு ஒன்றில் ஆராய்ச்சிப் படிப்பு. நண்பன் ஸ்பீக்கரில் போட்டான், பெருமையை நானும் கேட்க வேண்டுமாம்.

"சேர், என்ர ஆய்வில ஒரு அத்தியாயம் முழுக்க உங்கட தண்ணிக்கணக்கிலதான் நிக்குது. அதைக் கடைசியில வாற உசாத்துணைப் பட்டியலில போடவேணும். எங்கட பேராசிரியர் கேக்கிறார், அதுக்கு டி.ஓ.ஐ. இலக்கம் இருக்கோ எண்டு."

"இல்லைப் பிள்ளை."

"இலக்கம் இல்லாட்டி அடிக்குறிப்பிலதான் போடலாமாம் சேர். எனக்கு அது விருப்பமில்லை. நீங்கள் எடுத்துத் தாங்கோ. எடுக்கிறது லேசு."

நண்பன் என்னைப் பார்த்தான். வீங்கிய முகத்தில் கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. "அவன் எடுப்பான் பிள்ளை. சும்மாதான் இருக்கிறான்" என்றான்.

இப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அன்றைக்கு அவன் சொன்ன இன்னொன்றையும் எழுதவேண்டும். தொலைபேசியை வைத்துவிட்டு, "கட்டுரை எழுதாமல் நான் செய்த ஒரே ஒரு வேலை உது. நான் செத்தாப் பிறகு ஆரும் எடுத்துப் பாவிக்கேக்க, உதை ஆர் செய்தது எண்டு கேட்டால் என்ர பேர் வரவேணும். வேற ஒண்டும் வேண்டாம்" என்றான். நான் கச்சான் கோதை உடைத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் பருப்பை எறிந்துவிட்டுக் கோதை வாயில் போட்டுவிட்டேன்.

இந்த இலக்கம் என்ன சாமான் என்று வாசித்துப் பார்த்தேன். வாசிக்க வாசிக்க, இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த ஒரு பேராசிரியரும் தேவையில்லை என்று தோன்றியது. விண்ணப்பங்களில் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி என்று இரண்டு கேட்பார்கள். வன்னிச் சனத்துக்கு அந்த இரண்டாவது கோடு ஒருநாளும் போதாது. இடம்பெயர்ந்த காலத்தில் ஒருவரைத் தேடிப் போனால், அந்தப் பள்ளிக்கூடத்தில் கேள் என்பார்கள், அங்கே போனால் இந்த மரத்தடியில் கேள் என்பார்கள், மரத்தடிக்குப் போனால் நேற்றுத்தான் வெளிக்கிட்டார்கள் என்பார்கள். இணையத்தில் இருக்கிற சாமான்களும் அப்படித்தான் இடம்பெயர்கின்றன. டி.ஓ.ஐ. என்பது ஒரு பொருளுக்குக் கொடுக்கிற நிரந்தர அடையாள இலக்கம். பொருள் எந்தத் தளத்துக்குக் குடிபெயர்ந்தாலும், இலக்கத்தைக் கேட்டால் அது இப்போது இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடும். பொருளையே எடுத்துவிட்டாலும், இன்னது இங்கே இருந்தது, இன்னார் செய்தது என்று ஒரு பக்கமாவது நிற்கும்.

நண்பனுக்குச் சொன்னேன். "முதலே ஆக்களுக்கும் குடுத்திருக்கலாம் மச்சான்" என்றான்.

ஆராய்ச்சிச் சாமான்களைப் பத்திரமாக வைக்கிற களஞ்சியத் தளம் ஒன்றில் பதிய முடிவெடுத்தோம். நிரலைத் துப்புரவாக்கினேன். அவன் எழுதியதில் பாதி இடத்தில் குறிப்பே இல்லை, மீதி இடத்தில் யாரையோ திட்டி வைத்திருந்தான். திட்டை எடுக்கச் சொன்னேன். "அது வரலாறு" என்றான். பிறகு அனுமதிப்பத்திரம் கேட்டது. "சும்மா குடுக்கிறதுக்கும் லைசென்ஸோ? உழவு மெஷினுக்கே எங்கட அப்பா கனகாலம் லைசென்ஸ் இல்லாமல் ஓடினவர்" என்றான். எவரும் எடுக்கலாம், மாற்றலாம், ஆனால் செய்தவரின் பேரைச் சொல்லவேண்டும் என்கிற அனுமதியைத் தெரிவுசெய்தோம். செய்தவரின் பேர் என்ற இடத்தை வாசித்ததும் இரண்டு தரம் தலையாட்டினான்.

பெயர் விவரத்தை அவன் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்திருந்தபோதுதான் நிரப்பினோம். மடிக்கணினியைக் கட்டில் விளிம்பில் வைத்தேன். ஒரு கையில் ஊசி, மறு கையால் என்னை அதட்டிக்கொண்டிருந்தான்.

"செய்தவர் பேர் கேக்குது. ரெண்டு பெட்டி. குடும்பப் பெயர், சொந்தப் பெயர்."

"எனக்கு ஏதடா குடும்பப் பெயர்? அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கும் சிங்களவருக்கும்."

"வெறுமையா விட்டால் அடுத்த பக்கத்துக்கு விடுதில்லை."

"பாஸ்போட்டுக்கு என்ன செய்தனாங்கள்? அப்பான்ர பேரைப் போடு."

போட்டேன். குடும்பப் பெயர் என்ற பெட்டிக்குள் அவனுடைய அப்பாவின் பெயர். சொந்தப் பெயர் என்ற பெட்டிக்குள் அவன் பெயர். இந்தத் தீவில் விண்ணப்பம் நிரப்பிய எந்தத் தமிழனைக் கேட்டாலும் இதைத்தான் செய்திருப்பான். எங்கள் வழக்கத்தில் அப்பாவின் பெயர் மகனின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்கும். அதற்கு மேல் அவருக்கு அங்கே வேலை இல்லை.

"உன்ர பேரையும் போடு. இவ்வளவு காலம் என்ர கச்சானைத் திண்டனி" என்றான்.

"கச்சான் என்ர."

"சரி, அதுக்காகவாவது போடு."

போட்டேன். என்னையும் அதே முறையில். என் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் கொம்பியூட்டரைத் தொட்டதில்லை. உதுக்கு முன்னால இருந்து என்னத்தைப் புடுங்குறாய் என்று கேட்டவர்.

கடைசியில் 'வெளியிடு' என்று ஒரு பொத்தான். அதற்குக் கீழே, ஒருமுறை வெளியிட்டால் கோப்புகளை நீக்க முடியாது என்று எழுதியிருந்தது. நீக்க முடியாது என்ற சொல்லைக் கண்டதும் என் காது தன் கடமையைச் செய்யத் தொடங்கியது. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து மனைவியைக் கேட்டேன்.

"இண்டைக்குப் புதன். மத்தியானம் ராகுகாலம். கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கோ. நிரந்தரமான அலுவல் எண்டுறியள்" என்றாள் அவள்.

நீர் முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் முடித்த என் நண்பன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் மெஷினைப் பார்த்துக்கொண்டு, "ஓம், பொறு. வீண் விஷப்பரீட்சை ஏன்" என்றான். ஆகவே ஒரு விஞ்ஞான மென்பொருளும் இரண்டு விஞ்ஞான மனிதர்களும் ராகுகாலம் முடியுமட்டும் ஆஸ்பத்திரியில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாதி வந்து, "என்ன ரெண்டு பேரும் கலியாணத்துக்கு நேரம் பாக்கிற மாதிரி இருக்கிறியள்?" என்று கேட்டா. "ஓம் மிஸ், பேர் வைக்கிறம்" என்றான் நண்பன்.

நேரம் வந்ததும் நான் பொத்தானை அமத்தவில்லை. மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினேன். அவன்தான் ஊசி இல்லாத கையை நீட்டி அமத்தினான். இலக்கம் வந்தது. பக்கத்தின் தலைப்பில் அவன் பெயரும் அப்பாவின் பெயரும் முழுதாகத்தான் நின்றன. இலக்கத்தைப் படம் பிடித்துத் தன் தொலைபேசியில் வைத்துக்கொண்டான். வந்து போன டொக்டருக்குக் காட்டினான். பக்கத்துக் கட்டிலில் இருந்த மீன் யாவாரிக்கும் காட்டினான். முல்லைத்தீவில் இருந்து வந்து போகிற முஸ்லிம் மனிதர் அவர். "இதால என்ன கிடைக்கும் தம்பி?" என்று கேட்டார்.

"ஒண்டும் கிடையாது நானா. ஆனா அழியாது."

"அப்ப நல்லதுதான்" என்றார் அவர்.

நாங்கள் சந்தோசமாக இருந்த கடைசிப் பின்னேரம் அது. அன்றைக்குப் போத்தலில் மிச்சமிருந்த தண்ணி முழுவதையும் ஒரே மிடறில் குடித்துவிட்டு, "இண்டைக்குக் குளம் நிரம்பி வான் பாயட்டும்" என்றான்.

சில கிழமைகள் கழித்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். தொலைபேசி வந்தபோது நான் யாருக்கோ, நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்துவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்தேன். அந்த வசனத்தை அதன் பிறகு கனநாள் என் வாயால் சொல்ல முடியவில்லை.

வட்டக்கச்சியில் அவன் வீட்டில்தான் செத்தவீடு. அவனுக்கு ஒரே ஒரு மகள், சின்னப்பிள்ளை. ஆகவே கொள்ளி வைத்தது அவனுடைய அப்பா. மகன் அப்பாவுக்குச் செய்யவேண்டியதை அப்பா மகனுக்குச் செய்தார். அவருடையது குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பம். வாழ்நாள் முழுக்க நெல். குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வரும்போது அவர் அழவில்லை. வயலில் வரம்பால் நடக்கிற மாதிரி, காலைப் பார்த்து வைத்து நடந்தார். நான் பகிடி ஒன்றும் விடவில்லை. கழிப்பறைக்கும் போகவில்லை. பயம் முடிந்து போயிருந்தது. பயப்பட்ட விஷயம் நடந்துவிட்டால் பிறகு பயத்துக்கு என்ன வேலை.

அறையில் அவனுடைய கதிரை கிடந்தது. எடுத்துக்கொண்டு போக ஆள் வந்தது. கூரை திரும்பவும் ஒழுகுது, நிற்கட்டும் என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

மாதங்கள் போன பிறகு மாணவி தொலைபேசி எடுத்தாள். ஆய்வு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. புத்தகமாக அடித்தும் ஆயிற்று. உசாத்துணைப் பட்டியல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். "சேரின்ர பேர் வந்திட்டுது பாருங்கோ" என்றாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணிக்கணக்கின் நீளப் பெயர் இருந்தது. இலக்கம் இருந்தது. செய்தவரின் இடத்தில், முழுதாக, எழுத்துக்கு எழுத்து, அவனுடைய அப்பாவின் பெயர் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. காற்புள்ளிக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. அந்த ஒற்றை எழுத்துத்தான் அவன்.

உசாத்துணை எழுதுகிற முறையில் குடும்பப் பெயர் முழுதாக நிற்கும், சொந்தப் பெயர் சுருங்கும். களஞ்சியப் பக்கத்தின் மூலையில், இப்படிக் குறிப்பிடவும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை அது தானாகவே எழுதி வைத்திருக்கிறது. அவள் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறாள். நாங்கள் அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பக்கத்தில் என் அப்பாவும் முழுப் பெயரோடு, மென்பொருள் எழுதினவராக நின்றார். உலகத்தில் இரண்டு கிழவர்கள் சேர்ந்து நிரல் எழுதியிருக்கிறார்கள், அதில் ஒருவர் செத்தும் கனகாலம்.

காது, வயிறு, எல்லாம் பழைய ஒழுங்கில் வந்தன. "பிள்ளை, புத்தகத்தை இன்னும் ஆருக்கும் குடுக்கேல்லைத்தானே?" என்றேன்.

"நூலகத்துக்குப் போயிட்டுது சேர். ஒரு பிரதி வட்டக்கச்சியில சேரின்ர வீட்டுக்கும் அனுப்பிட்டன். அந்தப் பக்கத்தில அடையாளம் வைச்சு."

அதன் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. தபால் கந்தோருக்குப் போய், வெளிநாட்டில் இருந்து வட்டக்கச்சிக்குப் பார்சல் வந்ததா என்று கேட்டேன். "உங்கட பேருக்கோ?" என்றார் அங்கிருந்தவர். "இல்லை." "பிறகு?" பிறகு ஒன்றும் இல்லை என்று வெளியே வந்து, சைக்கிளை வைத்த இடம் மறந்து, மோட்டார் சைக்கிளில் வந்தது ஞாபகம் வந்து, வீட்டுக்குப் போனேன். களஞ்சியத்தின் உதவிப் பக்கத்தை வாசித்தேன். கோப்புகளைத்தான் மாற்ற முடியாது, பெயர் விவரத்தைத் திருத்தலாம், இலக்கம் அப்படியே இருக்கும் என்று போட்டிருந்தது. ஒரு நிமிட வேலை. ஆனால் விரல் ஓடவில்லை. அப்பாவின் பேரைப் போடு என்று சொன்னவன் இப்போது இல்லை. அதை எடுக்க யாரைக் கேட்பது?

வட்டக்கச்சிக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு பகிடியைத் தயாரித்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் அது மறந்து போனது. பார்சல் எனக்கு முதலே வந்திருந்தது.

புத்தகம் அவனுடைய மாலை போட்ட படத்துக்குக் கீழே மேசையில் கிடந்தது. அப்பா கதிரையில் இருந்தார். கையில் பூதக்கண்ணாடி. அவனுடைய மனைவி குசினிக்குள் இருந்து பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தா. "மாமா நாலைஞ்சு நாளா உந்தப் புத்தகத்தோடதான் இருக்கிறார் அண்ணை. நான் அடையாளம் வைச்ச பக்கத்தைக் காட்டிட்டன். ஆனா எனக்கும் விளங்கேல்லை" என்றா.

"தம்பி, வாங்கோ" என்றார் அவர். "நல்லகாலம் வந்தியள். இதில என்ர பேர் கிடக்குது. பாங்குப் புத்தகத்தில இருக்கிற மாதிரியே இங்கிலீசில கிடக்குது. அதெனக்குத் தெரியும். ஆனா அவன்ர பேரைக் காணேல்லை. முதல் பக்கத்தில இருந்து தேடிக்கொண்டு வாறன். ஒரு இடத்திலயும் இல்லை."

எங்கள் பக்கத்து ஆட்கள் முகாம் வாசலில் ஒட்டிய பட்டியல்களில் பெயர் தேடிப் பழகியவர்கள். விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாக, தாண்டாமல் தேடுவார்கள். அவருடைய விரல் நுனியில் அச்சு மை கொஞ்சம் ஒட்டியிருந்தது.

நான் பக்கத்தில் முழங்காலிட்டு, காற்புள்ளிக்குப் பின்னால் இருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். "இதுதான் ஐயா அவன்."

பூதக்கண்ணாடியை அதற்கு மேலே கொண்டுவந்தார். எழுத்துப் பெரிதானது.

நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பெட்டி கேட்டது, குடும்பப் பெயர் இல்லாமல் விடவில்லை, அவன்தான் சொன்னான், நான்தான் அடித்தேன், ராகுகாலம்கூடப் பார்த்தோம், வெள்ளைக்காரனுடைய முறை, என் அப்பாவும் அங்கேதான் நிற்கிறார். ராகுகாலத்தை ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை. அவர் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். அடிக்கப் போகிறார் என்றுகூட நினைத்தேன். எண்பதுக்குக் கிட்டப் போகிற மனிதர், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்தேன்.

"அவன் பிறந்த நாளில இருந்து அவன்ர பேருக்கு முன்னால நான் ஒரு எழுத்தா நிண்டனான்" என்றார் கடைசியில். "நான் போயும் அது நிக்கும் எண்டு நினைச்சன். இதில எல்லாம் மாறிக் கிடக்குது. அங்கை சுடலையிலயும் அப்பிடித்தான்."

மருமகள் குசினி வாசலில் நின்று அழுதா. "அவர் தன்ர பேர் வரவேணும் எண்டுதானே அண்ணை அந்த நோய் வருத்தத்தோட..." என்று சொல்ல வந்து முடிக்காமல் விட்டா.

"திருத்தலாம் ஐயா" என்றேன். "இணையத்தில திருத்தலாம். புத்தகத்தில ஏலாது. நீங்கள் சொன்னால் இப்பவே செய்யிறன்."

"என்ர பேரை எடுத்துவிடு தம்பி. வழமையான மாதிரி ஒரு எழுத்தாப் போடு. அவன்ர பேர் முழுசா நிக்கட்டும்." பிறகு புத்தகத்தை மூடினார். "அவனிட்டைப் படிச்ச பிள்ளையிட்டை ஒண்டும் சொல்லாதை. பாவம், நல்ல மனதோட அனுப்பினது. இதில கிடக்கிறது கிடக்கட்டும்."

அங்கேயே, அந்த மேசையிலேயே திருத்தினேன். சிக்னல் வருகிறதும் போகிறதுமாக இருந்தது. மருமகள் முற்றத்து மாமரத்தடியில் நன்றாக இழுக்கும் என்றா. மடிக்கணினியோடு மூன்று பேரும் மாமரத்தடிக்குப் போனோம். குடும்பப் பெயர் என்ற பெட்டிக்குள் அவனுடைய சொந்தப் பெயரை அடித்தேன். சொந்தப் பெயர் என்ற பெட்டிக்குள் அப்பாவின் முதலெழுத்தை. அவனையே அவனுடைய குடும்பம் ஆக்கினேன். என் அப்பாவை அப்படியே விட்டேன். செத்த பிறகாவது அவருக்கும் ஒரு மென்பொருள் இருக்கட்டும்.

"இப்ப அந்த நம்பரைக் கேட்டால் என்ன வரும்?" என்றார் அப்பா.

இலக்கத்தை அடித்துக் காட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் காது சூடாகத் தொடங்கியது. பிறகு பக்கம் திறந்தது. மூலையில் இருந்த வரியில் அவன் பெயர் முழுதாக நின்றது. அவர் பூதக்கண்ணாடி இல்லாமலே வாசித்தார். வாய்விட்டு, கூப்பிடுகிற மாதிரி வாசித்தார்.

"இது இனி அழியாதோ?"

"அழியாது ஐயா."

"நாளைக்கும் நிக்குமோ?"

"நிக்கும்."

மருமகளிடம் தன் தொலைபேசியைக் கொடுத்து, ஒருதரம் அமத்தினால் இந்தப் பக்கம் வருகிற மாதிரிச் செய்துதரச் சொன்னார். அவா செய்து கொடுத்தா. நான் வெளிக்கிட்டேன். படலையடியில் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் மாமரத்தடியில்தான் நின்றார். சிக்னல் அங்கேதான் இழுக்கும்.

அதன் பிறகு நானும் பார்க்கத் தொடங்கினேன். விடியப் போய்க் கொம்பியூட்டரைப் போட்டதும் முதல் வேலை அதுதான். ஒன்றும் செய்வதில்லை. நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவேன். பக்கத்தில் அவனுடைய கதிரை கிடக்கும். களஞ்சியப் பக்கத்தில், பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு ஓடும். அது கூடிக்கொண்டே போனது.

போன கிழமை மாணவி தொலைபேசி எடுத்தாள். சந்தோசமாக இருந்தாள். "சேர், தண்ணிக்கணக்கை ஒவ்வொரு நாளும் ஆரோ பாக்கினம். நான் கவனிச்சுக்கொண்டு வாறன், ஒரு நாளும் விடுபடேல்லை. ஆராயிருக்கும் சேர்?"

"சிறுபோகக் கூட்டம் கிட்டுதெல்லோ பிள்ளை" என்றேன். "கமக்காரராயிருக்கும்."

அது பொய்யில்லை. மாமரத்தடியில் நிற்கிறவர் கமக்காரர்தான்.